பத்துக்கு ஆறு புள்ளி நாலு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் மோட்டார் சைக்கிளின் திரையில் தெரிந்த எண்ணை நான் மார்க் என்று நம்பினேன். பத்துக்கு இத்தனை என்று வண்டி எனக்குப் போடுகிற மார்க்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஆசைப்பட்டு வாங்கிய பெரிய வண்டி அது. பாலைவனம், மலை, ஆறு எல்லாவற்றையும் தாண்டும் என்று விளம்பரத்தில் காட்டினார்கள். நான் குடியிருப்பது தம்போயில், சுற்றிலும் தார் ரோடு. இதுவரை நான் தாண்டிய ஒரே கரடுமுரடு, கோயிலுக்குப் பின்னால் கார் நிறுத்தும் சரளைக்கல் திடல்தான்.

திரையில் ஒரு பெட்ரோல் பம்ப் படம், பக்கத்தில் நாலு புள்ளி மூணு. எண்ணுக்குக் கீழே கொசு முட்டை அளவில் ஏதோ எழுத்து. அதைப் படிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும். ஹெல்மெட்டுக்குள் அந்தக் கண்ணாடி நுழையாது. அவ்வளவு சின்னதாக எழுதினால் அது முக்கியமாக இருக்காது என்று விட்டுவிட்டேன். பம்ப் படம் இருக்கிறது, ஆகவே பெட்ரோல் சிக்கனத்துக்கான மார்க் என்று நானே தீர்மானித்தேன். பத்துக்கு நாலு புள்ளி மூணு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கியதும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் சந்தேகமே வரவில்லை.

மூன்று வாரம் உட்கார்ந்து அந்த மார்க்கை ஏற்றினேன். இரண்டு மழைக்கோட்டும் ஒரு பாக்கெட் முறுக்கும் வைப்பதற்காக மூன்று அலுமினியப் பெட்டிகளை மாட்டினேன். மார்க் ஏறியது. முன்கண்ணாடியை உச்சிக்குத் தூக்கினேன். ஏறியது. மண் பாதைக்கு டயரில் காற்று குறைவாக இருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்து, தார் ரோட்டில் ஓடும் வண்டிக்குக் காற்றை இறக்கினேன். இன்னும் ஏறியது. ஒருநாள் இன்ஜினை அணைக்காமல் கடை வாசலில் நின்று நுரை வர ஆற்றிய தே தாரிக் குடித்தபோது, வண்டி நின்ற இடத்திலேயே மார்க் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் அதே கடை, அதே தே தாரிக், உறுமிக்கொண்டே நிற்கும் வண்டி.

பெட்ரோல் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. வெயிலில் ஆவியாகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஆறு புள்ளி நாலு வந்த அன்று, சிங்கப்பூரில் வேலை செய்யும், இதே மாதிரி வண்டி வைத்திருக்கும் என் மச்சானுக்குத் திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். "அலமாக்! பெரிய ஆளு லா நீங்க. எங்களால எல்லாம் முடியாது" என்று பதில் வந்தது. கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் ஏழு. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தாதி, இருபது வருஷமாக வார்டில் வேலை. எங்கள் பழைய கார் மூன்று முறை உச்சி வெயிலில் படுத்திருக்கிறது. மூன்று முறையும் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான், தள்ளியவள் அவள். ஆகவே இந்த வண்டி வாங்க அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"என்னைய ஏத்திக்கிட்டுப் போறப்ப ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, இது நடுரோட்டுல நின்னாலும் வித்துடணும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மெர்சிங்கில் இருக்கும் அவள் தங்கச்சி வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பினோம். கோத்தா திங்கியில் ஆற்றோரம் நிறுத்தி ஆளுக்கு ஒரு காப்பி குடித்தோம். எதிரே பெட்ரோல் பம்ப்.

"போடலையா?" என்றாள்.

திரையில் பெட்ரோல் அளவு இன்னும் இரண்டு கோடு மிச்சம் இருந்தது. "இதுக்கு மார்க்கு ஆறு நாலும்மா. இது குடிக்காது, மோந்து பாத்துட்டு ஓடும்" என்றேன். இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை வீட்டில் பயன்படுத்துகிறாள்.

கோத்தா திங்கியைத் தாண்டி இருபது கிலோமீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். முன்னால் செம்பனை. கண்ணாடியில் பார்த்தால் வந்த வழியும் செம்பனை. அந்த நிமிஷமே திரும்பியிருக்கலாம். திரும்பினால் காரணம் சொல்ல வேண்டுமே! இடது கையை நீட்டி, அவள் கண்ணில் படாமல் கட்டை விரலால் விளக்கை மறைத்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டிப் பார்த்தேன். யாரும் செய்யக்கூடாத வேலை. எங்கள் இரண்டு ஹெல்மெட்டையும் இணைக்கும் ஸ்பீக்கரில் உடனே அவள் குரல் வந்தது.

"என்னங்க, சத்தத்தக் காணோம்?"

"இயற்கைய ரசிக்கலாம்னு..."

"முன்ன இருந்ததும் செம்பன, இதுவும் செம்பன. இதுல எத ரசிக்கிறீங்க?"

இன்ஜினைப் போட்டேன். அந்த ஸ்பீக்கர் நான் முணுமுணுப்பதையும் கடத்தும் என்பதை மறந்து மேலிடத்தில் மனுக் கொடுக்க ஆரம்பித்தேன். "முருகா, ஒரு பம்ப்ப மட்டும் காட்டு. வர்ற தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்."

"காவடியா? நேத்து அரிசி மூட்டையத் தூக்கச் சொன்னா முதுகு வலின்னீங்க?"

"சும்மா பக்தி லா."

அப்போது திரையில் இன்னும் எத்தனை தூரம் ஓடும் என்று காட்டும் இடத்தில் எண் மறைந்து வெறும் மூன்று சின்னக் கோடு வந்தது. வண்டிக்கே நம்பிக்கை போய்விட்டது. சாலையோரத்தில் யானை கடக்கும் என்று எச்சரிக்கும் பலகை ஒன்று தெரிந்தது. அதன் கீழே நிறுத்தினேன்.

"யானையப் படம் எடுக்கலாம்."

"யானை எங்க?"

"போர்டுல."

அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தாள். பொய் சொல்லும் நோயாளிகளை இருபது வருஷம் பார்த்த பார்வை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: விளக்கு, மூன்று கோடு, மார்க், தே தாரிக். "ஆனா ஒண்ணு, வண்டி நிக்கல. நான்தான் நிறுத்துனேன். அது வேற, இது வேற" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து அந்தக் கொசு முட்டை எழுத்தைப் படித்தாள்.

"லிட்டர். நூறு கிலோமீட்டருக்கு." நிமிர்ந்தாள். "தினமும் நான் ட்ரிப்ஸ்ல பாக்குறது இதானேங்க. மணிக்கு இத்தன மில்லி. நம்பர் ஏறுனா பாட்டில் சீக்கிரம் காலி. மூணு வாரமா இதையா ஏத்திக்கிட்டு இருந்தீங்க?"

மச்சான் அனுப்பிய ஏழு சிரிப்பும் அந்த ரோட்டில் என்னைச் சுற்றி நின்றன.

சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வண்டியின் புத்தகம் இருந்தது. பிரித்தாள். விளக்கு எரியும்போது டாங்கில் மூன்று லிட்டர் என்று போட்டிருந்தது. விளக்கு எரிந்து இருபது கிலோமீட்டர் ஓட்டியிருந்தேன். கைப்பேசியில் ஒரே ஒரு கோடு சிக்னலில் தேடினால், அடுத்த பம்ப் முப்பத்தாறு கிலோமீட்டர். திரும்பிப் போனால் நாற்பது. அவள் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டாள்.

"மிச்சம் ஒண்ணே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. உங்க ஆறு நாலுல போனா இருபத்தாறு கிலோமீட்டர்ல முடிஞ்சுரும். பழைய நாலு மூணுக்குக் கொண்டாந்தா சேரலாம்."

"பெட்டிங்கள கழட்டி வெச்சிட்டுப் போயிரலாமா?"

"தங்காக் துணிக்கடையில ரெண்டு மணி நேரம் நின்னு எடுத்த சேலை உள்ள இருக்கு. வேணும்னா நீங்க இங்க இருங்க, பெட்டி வரட்டும்."

முன்கண்ணாடியை இறக்கினேன். திரையை அந்தந்த நொடியின் கணக்குக்கு மாற்றினோம். கிளம்பினோம். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் வாசிக்க ஆரம்பித்தாள், ரத்த அழுத்தம் பார்ப்பது போல.

"அஞ்சு. கையத் தளர்த்துங்க. நாலு ஏழு. நாலு நாலு. அப்படியே... ஏங்க, மேடு வருதுன்னு முறுக்காதீங்க! மெதுவா ஏறட்டும்."

அறுபதில் போனோம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி எங்களைத் தாண்டியது. கூடை நிறைய மீனோடு ஒரு பெரியவர் கப்சாய் என்கிற குட்டி மோட்டார் சைக்கிளில் தாண்டினார். பாலைவனம் கடக்கும் வண்டியைத் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்பது போலக் கையசைத்தார். நான் டாங்கின்மேல் கவிழ்ந்து படுத்திருந்தேன். பரீட்சையில் மார்க்கைக் குறைக்க ஒருவன் இவ்வளவு பாடுபட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

"நாலு ரெண்டு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. பிறகு, "நாலு ஒண்ணு. நல்லா வருது." அந்தக் குரலில் என்ன இருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். வண்டி நின்றால் ஜெயிப்பது அவள். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் என்னோடு சேர்ந்து முன்னால் சாய்ந்தாள்.

"நின்னா நிஜமாவே விக்கச் சொல்லுவியா?"

"சொல்லுவேன். பேசாம ஓட்டுங்க, பேசுனா கை முறுக்குது."

கடைசியில் பம்ப் தெரிந்தது. உள்ளே ஓட்டிக்கொண்டு போய்த்தான் நிறுத்தினேன். முருகனிடம் சொன்ன காவடியை உடனடியாகப் பால்குடமாகக் குறைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை. "அதுவும் கேட்டுச்சு" என்றாள்.

இருபது லிட்டர் டாங்க். பத்தொன்பது புள்ளி எட்டு லிட்டர் ஏறியது. மிச்சம் இருந்தது ஒரு கிளாஸ் தே தாரிக் அளவு பெட்ரோல். வண்டி நடுரோட்டில் நிற்கவில்லை. அதை நாங்கள் விற்கவில்லை.