மாலை கழற்றிய அன்று

நான் எலிகளுக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பாட்டில் தொங்கும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் சாராயம் கலந்த தண்ணீர். மாதக்கணக்கில் குடித்துப் பழகிய எலியிடமிருந்து சாராய பாட்டிலை எடுத்துவிடுவோம். சில வாரம் கழித்துத் திரும்ப மாட்டினால், அன்றைக்கு முன்பைவிட அதிகமாகக் குடிக்கும். மனுஷக் குடியைப் புரிந்துகொள்ளத்தான் இதெல்லாம் என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.

குடிக்கவென்றே எங்கெங்கிருந்தோ புதுச்சேரிக்கு வருகிறார்கள். இங்கேயே முதலியார்பேட்டையில் பிறந்த என் அண்ணனுக்கு அந்த பஸ் செலவு மிச்சம். அப்படிப்பட்டவர் போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி, ஒரு சொட்டு கிடையாது. வீட்டில் எல்லோரும் அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிட்டோம். அண்ணியின் முகத்தில் பல வருஷம் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

பார்த்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாலையக் கழட்டுற அன்னிக்குப் பாருங்க அண்ணி, சேத்து வெச்சுக் குடிப்பாரு. எங்க எலிங்களும் இப்படித்தான்."

அண்ணியின் சிரிப்பு போய்விட்டது. பூஜை அலமாரியில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த சாமியின் கை ஒரு நொடி நின்றது.

மலைக்குப் போய் வந்தார். அம்மா மாலையைக் கழற்றிவிட்டாள். சாயங்காலம் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, "தோ வந்துட்றேன்" என்று கிளம்பினார். அண்ணி என்னைப் பார்த்தார். 'சொன்னேன் இல்லையா' என்கிற மாதிரி நானும் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கூண்டுக்கு முன்னால் உட்காருகிற மாதிரியே வாசற்கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இருட்டியதும் வந்தார். பை காலி. தெருவில் வீடு வீடாக மலைப் பிரசாதமான அரவணையும் அப்பமும் கொடுத்துவிட்டு, கடைசி வீட்டில் அவர்களோடு தானும் ஒரு வாய் சாப்பிட்டு வந்திருக்கிறார். நேராக என்னிடம் வந்து குனிந்து, போலீஸ்காரரிடம் ஊதிக் காட்டுவதுபோல என் முகத்துக்கு நேரே ஊதினார். வெல்லமும் நெய்யும் மணந்தன.

"மோந்து பாத்துட்டியா? நாளைக்கும் வந்து ஊதணுமா?"

அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. நான் சொன்னது பலிக்கவில்லையே என்கிற ஏமாற்றம்.