ஜன்னலில் பார்த்த ஊர்

காப்பகத்தில் வளர்கிற பெண்களுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால் அங்கே இடம் கிடையாது. சட்டம் அப்படி. வெளியே வந்தவர்களுக்கு வேலை, தங்க ஒரு ரூம் என்று கூடவே அலைவதுதான் அப்போது என் வேலை. எரிச்சலும் புலம்பலுமாகத்தான் அலைந்தேன். இன்று நினைத்தால், அந்த அலைச்சலில் இருந்த சந்தோஷம் அதற்குப் பிறகு பார்த்த எந்த வேலையிலும் இல்லை.

அதிலும் ஒருத்தியை மறக்கவே முடியாது. மன்னார்குடிப் பக்கத்துக் காப்பகம் ஒன்றில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக வந்ததால் அப்பா அம்மா யார், சொந்த ஊர் எது, எதுவும் தெரியாது. நர்சிங் உதவியாளர் படிப்பு முடித்து, தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும், நைட் ஷிப்டும் உண்டு. அதற்குள் பக்கத்தில் ஒரு ரூம் கிடைக்காவிட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். கிடைத்ததைத் தவறவிடக்கூடாது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

தினமும் காலையில் மன்னார்குடியில் பஸ் ஏறுவோம். ஜன்னல் ஓரத்தை மட்டும் எனக்கு விட்டுத்தரவே மாட்டாள். வாய் ஓயாமல் பேசுகிறவள், வழியில் ஏதோ ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பாள். தூக்கக் கலக்கம் என்று நானும் விட்டுவிடுவேன்.

தஞ்சாவூரில் வீடு கேட்டுப் போனால் வாடகைப் பேச்சு பிறகுதான். முதலில் "எந்த ஊரும்மா?" என்பார்கள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் மீதி அவர்களுக்கே தெரிந்துவிடும். வாயைத் திறந்து சாதியைக் கேட்கிற சிரமம் யாருக்கும் இல்லை. நாங்கள் உள்ளதைச் சொன்னோம். ஹோமில் வளர்ந்தவள் என்றதும் குரல் கனிந்துவிடும். "பாவம்" என்பார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். அப்புறம் அந்த ரூமுக்கு நாத்தனார் மகன் வரப்போவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். அந்த வாரம் தஞ்சாவூரில் எத்தனை நாத்தனார் மகன்கள் வந்து இறங்கினார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவளுக்கு வராது. கரும்புச்சாறு கடை நிழலில் நின்று, கடைசியாகப் பார்த்த வீட்டு அம்மா "பாவம்" சொன்ன மாதிரியே மூக்கை உறிஞ்சிச் சொல்லிக் காட்டுவாள். எனக்குச் சிரித்துப் புரையேறும். துப்பட்டாவை விரித்து இரண்டு பேர் தலைக்கும் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்போம். அந்த வெயிலில் இன்னொரு தரம் அவளோடு நடக்க வேண்டும் போல இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி ரூம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுக்கார அம்மா தனி ஆள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வடுவூருங்க," என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலே.

பஸ் போகிற வழியில் இருக்கிற ஊர். அவள் அங்கே இறங்கியதுகூட இல்லை. அந்த அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. "நான் பொறந்த ஊரும்மா அது. வடபாதியா, தென்பாதியா?"

நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன்.

"வடபாதிங்க."

"யாரு வீடு?"

"ஏரிக்கரை ஓரமா..."

"ஏரிக்கரையில யாரு?" என்று யோசித்தபடியே உள்ளே போய் முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். எனக்கு ஒன்றும் தரவில்லை, நான் அசலூர்க்காரி. "என் தம்பி இன்னும் அங்கதான் இருக்கான். அவனக் கேட்டா தெரிஞ்சிடப் போவுது," என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"சொல்லுக்கா," என்றது குரல்.

"டேய், நம்ம ஊருப் பொண்ணு ஒண்ணு ரூம் பாக்க வந்திருக்குடா..."

"வேணாம்மா," என்றாள் அவள், போனைக் கையால் பொத்தி. "எனக்கு ஊரு கிடையாது. ஹோம்ல வளர்ந்தேன். வடுவூர பஸ்ஸு ஜன்னல்லதான் பாத்திருக்கேன். ஏரி முழுக்கப் பறவையா இருக்கும். யாராச்சும் ஊரு கேட்டா இதச் சொல்லிக்கலாம்னு சின்ன வயசுலயே நெனச்சு வச்சிருந்தேன்."

ரூம் கிடைப்பதற்காக அந்த நிமிஷம் வாயில் வந்த பொய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இத்தனை வருஷமாக ஒரு ஊரை மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அந்த அம்மாவின் முகம் இறுகிவிட்டது. முறுக்கு டப்பாவை எடுத்து மூடித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவள் எழுந்திருக்காமல் தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

"அக்கா, லைன்ல இருக்கியா? யாரு வீட்டுப் பொண்ணு?" என்று போனில் தம்பி கத்திக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஏரிக்கரை வீட்டுப் பொண்ணுதான்டா. நீ பாத்திருக்க மாட்ட. வை."