ஒன்பது ஊதாவும் ஒரு பவுடர் டப்பாவும்

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் அதை வாங்கினேன். ஒக்டோபர் மாதத்தில், வேலை முடிந்து கந்தோர் விட்டு பஸ் நிலையத்துக்கு நடக்கும் நேரத்தில், மாத்தளையில் மழை பெய்யாமல் இருந்தால்தான் அதிசயம். அது தெரிந்தும் குடையை மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கத்தில் இருந்த ஃபேன்சி கடைக்குள் ஓடினேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், வாங்க வந்தவள் போலக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தேன். அதற்குள் இருந்தது, இமைக்குப் பூசும் அந்த ஐஷேடோ பெலட்.

ஒன்பது கட்டம், ஒன்பதும் ஊதா. கத்தரிப்பூ, நாவல்பழம், மங்குஸ்தான் தோல், வாழைப்பூ மடல் என்று பார்த்த மாத்திரத்திலேயே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். ஒரு மூலையில் செம்புப் பொடி தூவிய மாதிரி மினுங்கும் ஊதா ஒன்று. மூடியில் காய்ந்த இலைகளின் படம். இலையுதிர் காலத்துக்கான வர்ணங்களாம். எங்கள் ஊரில் இலை உதிர்வதற்கென்று தனிக் காலம் கிடையாது. முற்றத்துப் பலாமரம் வருடம் முழுக்கக் கொட்டும், நானும் வருடம் முழுக்கக் கூட்டுவேன். ஆனால் ஃபோனில் வரும் வீடியோக்களில் கம்பளிச் சட்டை போட்ட பெண்கள் சிவந்த இலைகளுக்கு நடுவே ஊதா இமைகளைத் தாழ்த்திச் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஓர் ஆசை வளர்ந்திருந்தது. விலையைக் கேட்டேன். குடும்பத்தோடு ஒரு வேளை கொத்து ரொட்டி சாப்பிடும் செலவுதான். கடைக்கார முஸ்லிம் நானா அதைக் கடதாசியில் சுற்றித் தரும்போதே என் கை பரபரத்தது.

ஆசை மட்டும் காரணமில்லை. என் தங்கைக்கு இன்னும் ஐந்து வாரத்தில் கல்யாணப் பதிவு. அவள் நாவுலயில் கணிதம் படிப்பிக்கிறாள். வேலை கிடைத்த நாளிலிருந்து அலுவிகாரையில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை கலேவெலக்காரர், அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம். எல்லாம் நல்லபடியாகக் கூடி வந்த பிறகு ஒரே ஒரு விஷயத்தில் அவள் பிடிவாதமாக நின்றாள். ஃபோட்டோ எடுக்க வரமாட்டாள். கையெழுத்துப் போடுவாள், சாப்பிடுவாள், வந்தவர்களைச் சிரித்த முகமாக வரவேற்பாள். கேமராவுக்கு முன்னால் மட்டும் நிற்கமாட்டாள்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவள் வயதுக்கு வந்து நடந்த சாமத்தியச் சடங்கன்று அலங்கரிக்க வந்த பெண், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கறுத்த முகத்தில் வெள்ளை வெள்ளையாக அப்பிவிட்டுப் போனாள். கழுத்துக்குக் கீழே அவள், மேலே வேறு யாரோ. நான் அப்போது பதினேழு. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். சூப்பரா இருக்கு என்று சொன்னவளும் நான்தான். அவள் நம்பிக்கொண்டு போய் மணவறையில் உட்கார்ந்தாள். அல்பம் வந்த அன்று யாரோ ஒரு மாமி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எல்லாம் முடிந்துபோனது. பதினாறு வருடமாக அடையாள அட்டைக்கும் நியமனத்துக்கும் எடுத்த படங்களைத் தவிர அவளுக்கு வேறு படமே கிடையாது. அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

பெலட்டைக் காட்டியதும் அவள் சிரித்தாள். பிறகு கணக்கு டீச்சருக்கே உரிய முறையில் நிபந்தனை போட்டாள். முதலில் நான் என் கண்ணில் பூசிக் காட்ட வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கறுப்புத்தான். என் முகத்தில் அது சரியாக வந்தால் அவள் உட்காருவாள், படத்துக்கும் நிற்பாள். வராவிட்டால் வெறும் முகம், படமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் பரீட்சை. நான் உடனே ஒத்துக்கொண்டேன். எனக்கென்ன, வீடியோக்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

முதல் ஞாயிறு விடியும் முன்பே விழித்துவிட்டேன். தலைக்குக் குளித்து, முகம் துடைத்து, ஜன்னல் ஓரம் கண்ணாடியை வைத்து, நாவல்பழ நிறத்தைத் தொட்டு இமையில் இழுத்தேன். சாம்பல் நிறம் வந்தது. இன்னும் தொட்டேன், இன்னும் சாம்பல். ஒன்பது கட்டத்தையும் மாறி மாறிப் பூசினேன். அடுப்பு ஊதிவிட்டு வந்தவள் போல இருந்தேன். தங்கை எட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் சொல்லாமல் போனதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கந்தோர் விட்ட கையோடு சண்டைக்குப் போனேன். கலப்படம், காலாவதி, ஏமாற்று என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நானா கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து, சுட்டு விரலால் தொட்டு, தன் மணிக்கட்டில் ஒரு கோடு இழுத்தார். அவரும் கறுத்த மனிதர்தான். அந்தக் கோடு மங்குஸ்தான் தோலை உரித்து ஒட்டிய மாதிரிப் பளிச்சென்று நின்றது. கடையில் இருந்த நாலு பேரும் அவர் கையை எட்டிப் பார்த்தார்கள்.

"சாமான்ல பிழை இல்ல மிஸ். மொதல்ல கண்ணுல என்ன பூசினீங்க?" என்று கேட்டார்.

ஒன்றுமே பூசவில்லை என்றேன். அல்லா மேல் ஆணையாக என்று அவர் கேட்டிருந்தால், பிள்ளையார் மேல் ஆணையாக என்று சத்தியமே செய்திருப்பேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

இரண்டாவது ஞாயிறு தங்கை வாசல் நிலையில் சாய்ந்து நின்று நான் குளித்து வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி முன் உட்கார்ந்து தூரிகையை எடுத்ததும், "அக்கா, நீங்க பவுடர் போட்டுட்டீங்க" என்றாள்.

எங்கே போட்டேன் என்று சீறினேன். அவள் வந்து என் இமையை விரலால் துடைத்துக் காட்டினாள். விரல் வெள்ளையாக இருந்தது.

குளித்ததும் பவுடர் டப்பாவைத் தட்டி உள்ளங்கையில் கொட்டி நெற்றி, கன்னம், இமை, கழுத்து என்று ஒரே இழுப்பில் பூசுவது எங்கள் வீடுகளில் எவருக்கும் நினைவில் பதியாத ஒரு வேலை. கதவைச் சாத்தினோமா என்று பாதி வழியில் யோசிக்கிறோமே, அந்த மாதிரி. பால்குடி வயதில் அம்மா பூசத் தொடங்கியது, கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, நானாவின் கடையில் போட்ட சத்தத்தை நினைத்து வெட்கமும் வந்தது. எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். பிறகு, நானே யோசித்துத்தான், கண் மையை இமைமேல் இழுத்து விரலால் தேய்த்து, அந்தக் கறுப்பின் மேல் ஊதாவைத் தொட்டு வைத்தேன்.

வந்தது பாருங்கள் நிறம். அப்படி ஓர் ஊதாவை நான் என் முகத்தில் கற்பனை கூடச் செய்ததில்லை. என் தோலுக்காகவே அரைத்தது போல ஆழமாக, ஈரமாக இருந்தது. நான் வீடு முழுக்க நடந்தேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த புருஷனிடம் போய்க் காட்டினேன், முற்றத்து வெயிலில் நின்று கண்ணை மூடி மூடித் திறந்தேன். தங்கையும் சிரித்தாள். ஆனால் அவள் வெளியே போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள் என்றாள், முடிவு அதற்குப் பிறகுதான் என்றாள்.

போனேன். திங்கட்கிழமை, பெரிய தைரியத்தோடு, புருவம் வரைக்கும் ஊதா. பஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை, அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பத்து மணிக்குப் பெண்கள் விவகாரம் பார்க்கும் சக உத்தியோகத்தர், ஒரு சிங்கள அக்கா, என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தேத்தண்ணி கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம், வீட்டில் எத்தனை நாளாக இப்படி அடி விழுகிறது என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. இது மேக்கப் என்று சொன்னேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். கைக்குட்டையை நனைத்து இமையைத் துடைத்துக் காட்டிய பிறகுதான் அவர் கைப்பிடி தளர்ந்தது.

புருஷன் இதைக் கேட்டு இரண்டு நாள் வெளியே தலை காட்டவே யோசித்தார். எறும்புக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர் அவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என்னையும் அப்படித்தான பாப்பாங்க" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வரப்போகிறார்கள். ஒருவர் பார்த்துச் சிரித்தாலும் போதும், அவள் பழையபடி சுவரோடு ஒட்டிக்கொள்வாள்.

மூன்றாவது ஞாயிறு நான் விளையாட்டை விட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். ஊதா எங்கே நிற்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பூசினேன். இமையின் வெளி மூலையில் நாவல்பழம். அதன் ஓரத்தை, நானாவிடம் தனியாக வாங்கிய எங்கள் தோல் நிறத்துப் பழுப்பால் தேய்த்துத் தேய்த்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஆக்கினேன். இமையின் நடுவில் அந்தச் செம்பு மினுக்கத்தை விரல் நுனியால் ஒரு பொட்டு. கீழே மெல்லிய மைக்கோடு. கண்ணுக்கு அடியில் ஊதா ஒரு துளியும் படக்கூடாது. அடிபட்ட தோற்றம் அங்கிருந்துதான் வருகிறது என்று அந்த அக்காவின் விசாரணை எனக்குக் கற்றுத் தந்திருந்தது. பவுடர் டப்பாவைப் புருஷனிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் அப்படியே கந்தோருக்குப் போனேன். அதே அக்கா என்னைப் பார்த்து நின்றார். பிறகு தனக்கும் இப்படிப் போட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

இதை ஓடி வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசி கழுவினாள், கையைத் துடைத்தாள், கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாள். என் முகத்தில் செய்ததை அப்படியே அவள் இமையிலும் செய்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். போய்ப் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அழிந்துவிடும் எழும்பு என்று நான் கத்தினேன்.

பதிவு நாளன்று காலையிலிருந்தே மழை. வேனில் வந்தவர்கள் நனைந்த செருப்புகளை எங்கள் வீட்டு வாசலில் குவித்தார்கள். செம்பு நிறச் சேலையில், தன் சொந்த நிறத்து முகத்தோடு, நாவல்பழ இமைகளோடு என் தங்கை ஹோலுக்கு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் தன் மகளைக் கூப்பிட்டு, பாரு, இந்தக் கலர் எவ்வளவு எடுப்பா இருக்கு என்றார். பதிவாளர் புத்தகத்தைத் திருப்பினார், அவள் கையெழுத்திட்டாள். பிறகு யாரும் கூப்பிடாமலே ஃபோட்டோக்காரருக்கு முன்னால் போய் நின்றாள். நான் குசினிக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். ஃபோட்டோக்காரர் கணினியில் படத்தைத் திறந்தார். திரையில் கோதுமை மாவு நிறத்தில் ஒருத்தி இருந்தாள். என் நாவல்பழம் வெளுத்து, சலவைக்குப் போன சட்டை மாதிரி ஆகியிருந்தது. எல்லாருக்கும் இப்படிச் செய்துதான் கொடுப்பதாம், கேட்காமலே செய்து வைத்திருந்தார், அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. எனக்கு உச்சியில் ஏறியது. வாயைத் திறந்தேன். தங்கை என் கையை அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எடுத்தது இருக்குதான? அதத் தொறங்க."

திறந்தார். அவள் அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அவர் மவுஸில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சமாவது வெளிச்சமாக்கட்டுமா என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். இதயே போடுங்க. ஹோல்ல மாட்டணும், பெருசா."

எவ்வளவு பெரிசு என்று அவர் கேட்டதற்கு, அவள் இரண்டு கைகளையும் முடிந்த மட்டும் விரித்துக் காட்டினாள். அவ்வளவு பெரிய சுவர் எங்கள் வீட்டில் இல்லை. நான் கைப்பையைத் திறந்து முன்பணத்தை எண்ணி வைத்தேன்.