வைட்டமின் ஈயும் என்மேல் வந்த பழியும்

என் கணவர் செம்பனை லோரி ஓட்டியவர். எங்கள் ஊர் கரங்கானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டுபோய் எண்ணெய் ஆலையில் கொட்டுவதுதான் அவர் வேலை. இதயக் குழாயில் அடைப்பு வந்து, உள்ளே கம்பிவலை வைத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு வேலையை விட்டார். ரத்தம் கட்டிப்போகாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டியிருந்தது. லோரியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அதன் பிறகு தன் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டுவார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். என்ன பார்க்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் அவருக்கு வைட்டமின் டி குறைவு என்று வந்தது. அதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. "வாழ்க்கை பூரா வெயில்ல காஞ்சவன் நான். எனக்கு வெயில் பத்தலையாம்லா" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். லோரிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் அந்த வெயில் கணக்கில் சேராது என்று டாக்டர் விளக்கி, வாரத்துக்கு ஒன்று என்று மாத்திரை கொடுத்தார். இது கொழுப்பில் கரைகிற வைட்டமின், வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள் என்றும் சொன்னார்.

டாக்டர் சொன்ன அத்தனையிலும் 'கொழுப்பு' என்ற ஒரு சொல்லை மட்டும்தான் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாத்திரை போடும் நாளில் பரோட்டா மாதிரி எண்ணெய் விட்டுச் சுட்ட, முட்டை போட்ட ரொட்டி சானாய் வேண்டும், தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிக் குழம்பு வேண்டும். நான் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவள். குழம்பில் விடுகிற எண்ணெயே அதற்குப் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். தனக்காகக் கேட்கவில்லை, மாத்திரைக்காகத்தான் கேட்கிறேன் என்றார். முகத்தில் ஒரு தியாகியின் களை இருந்தது.

செய்தி சுங்கை பட்டாணியில் இருக்கும் என் நாத்தனார் காதுக்குப் போனது. அவர் இவருக்கு மூத்தவர். வீடு வீடாகப் போய் சத்து மாத்திரை விற்கிறவர். தம்பிக்கு டி குறைவு என்றதும் ஒரு பை நிறையப் புட்டிகளோடு வந்து இறங்கினார். நெஞ்சுக்கு வைட்டமின் ஈ, அதுவும் இருப்பதிலேயே பலமானது. கண்ணுக்கு மீன் ஈரல் எண்ணெய், அதில் ஏ இருக்கிறதாம். இத்தனையும் எதற்கு என்று நான் கேட்டதற்கு நாத்தனார் பதில் சொல்வதற்கு முன்பே இவர் சொல்லிவிட்டார். லோரியில் ஒரு பக்கம் மட்டும் குலையை ஏற்றினால் வண்டி சாய்ந்துவிடும், அதே மாதிரி டியை மட்டும் ஏற்றினால் உடம்பு சாய்ந்துவிடும், எல்லாவற்றையும் சரிசமமாக ஏற்ற வேண்டும் என்பது அவர் கண்டுபிடிப்பு. நாத்தனார் தம்பியைப் பெருமையோடு பார்த்தார்.

கே என்று ஒரு வைட்டமின் இருப்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதை மட்டும் நாத்தனார் விற்கவில்லை. அது ரத்தத்தைக் கெட்டியாக்கும், நெஞ்சில் கம்பிவலை வைத்தவர்களுக்கு ஆகாது, கீரையில்தான் அது நிறைய இருக்கிறது, ஆகவே இனிமேல் இந்த வீட்டில் கீரை கூடாது என்று உத்தரவு போட்டார். பசலையும் முருங்கையும் எங்கள் வீட்டுப் பின்பக்கமே தாராளமாக வளர்கின்றன. கல்யாணமான நாளிலிருந்து கீரையைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர், அன்றைக்கு அக்காவின் காலில் விழாத குறை.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் முன்கையில் ஒரு நீலத்திட்டு வந்தது. கதவில் இடித்துக்கொண்டிருப்பேன் என்றார். அது ஆறுவதற்குள் தோள்பக்கம் இன்னொன்று. பல் விளக்கினால் எச்சிலில் ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்று புது பிரஷ் வாங்கினார். மனிதருக்கு அரைக்கைச் சட்டைதான் பிடிக்கும். அந்தச் சட்டையோடுதான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருவார். நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, பெண்கள் அவர் கையைப் பார்ப்பதும் பிறகு என் கையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். என் வளையல் நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை நாத்தனார் வந்தபோது நான் சட்டியில் கறி கிளறிக்கொண்டிருந்தேன். தம்பியின் கையைப் பார்த்தார். என் கையிலிருந்த இரும்புக் கரண்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் தம்பியைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்த பேச்சு எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. உண்மையைச் சொல்லு, அவள் உன்னை அடிக்கிறாளா என்று அக்கா கேட்டிருக்கிறார். இவருக்கு எதையும் விளையாட்டாகப் பேசித்தான் பழக்கம்.

"அடிச்சா அடிச்சிட்டுப் போறாக்கா. சோறு போடுறால்ல" என்றாராம்.

அவர் அக்காவுக்கோ விளையாட்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தவர், காப்பிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் எங்கள் பங்குத் தந்தை வீட்டுக்கு வந்தார். கோவில் திருவிழாவுக்குச் சமையல் விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்து, எத்தனை பேருக்கு ஃபாதர் என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய்த் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே இல்லறத்தில் பொறுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வீட்டில் சும்மா இருக்கிற ஆண்களோடு காலம் தள்ளுவது சிரமம்தான் என்றார். நானும் அது உண்மைதான் என்றேன். கோபம் எல்லாருக்கும் வரும் என்றார். எனக்கு நிறையவே வரும் என்று ஒப்புக்கொண்டேன். அவர் முகம் இருண்டது.

"கோவப்படுறது வேறம்மா. கை நீட்டுறது வேற" என்றார்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் காது இரண்டும் சுட்டன. கோவில் வாசலில் பார்த்த பார்வை, காப்பி குடிக்காமல் போன நாத்தனார், எல்லாம் ஒன்றாக விளங்கின. "என்னாங்க, இங்க வாங்க. நான் உங்கள அடிக்கிறேனாம். ஃபாதர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று கூப்பிட்டேன்.

வந்தவர் என்னைப் பார்த்தார், ஃபாதரைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகிச் சட்டையில் சொட்டியது. நான் அறையின் இந்தக் கோடியில் ஃபாதருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஃபாதர் ரத்தத்தைப் பார்த்தார், எனக்கும் என் கணவருக்கும் நடுவில் இருந்த தூரத்தைப் பார்த்தார். நான் நிரபராதி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. துண்டை எடுத்து மூக்கை அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை. இவரோ துண்டுக்குள்ளிருந்து, ஒன்றுமில்லை, பயப்படாதே என்று ஏதோ முனகிக்கொண்டிருந்தார். ஃபாதர்தான் தன் காரில் எங்களைக் கூலிம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். புறப்படும்போது அலமாரியிலிருந்த புட்டிகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது மலாய் டாக்டர். காயங்களைப் பார்த்ததும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, யாராவது அடிக்கிறார்களா அங்கிள் என்று மெதுவாகக் கேட்டாராம். இந்த முறை என் கணவர் விளையாடவில்லை. ஃபாதரே உள்ளே போய் எனக்காகப் பேசினார்.

ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, டாக்டர் புட்டிகளை மேசையில் வரிசையாக வைத்து விளக்கினார். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைகிற ஒரே குடும்பம். சி மாதிரி மிச்சமானது சிறுநீரில் போய்விடாது, ஈரலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். ஒன்று அளவு மீறினால் இன்னொன்றின் வேலையைக் கெடுக்கும். ஏ மிஞ்சினால் டி எலும்புக்குச் செய்கிற நல்லதைக் கெடுக்கும். ஈ மிஞ்சினால் கேயை வேலை செய்ய விடாது. ரத்தம் உறைவதற்குக் கே வேண்டும். இங்கே ஈயை மலையாக ஏற்றி, கீரையை நிறுத்திக் கேயைக் குறைத்து, அதன்மேல் ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையும் சாப்பிட்டால் தொட்ட இடமெல்லாம் நீலமாகத்தான் ஆகும் என்றார். மீன் ஈரல் எண்ணெயிலும் டி இருக்கிறது, ஆகவே அதுவும் இரண்டு வழியில் உள்ளே போயிருக்கிறது. கீரைக் கட்டுப்பாடு வேறு ஒரு வகை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, அவர்கள்கூட அடியோடு நிறுத்தக் கூடாது, ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்.

"ஓவர்லோட் ஆயிருச்சு" என்று இவர் தலையை ஆட்டினார்.

வீட்டைவிட்டுத் துரத்திய கேயை ஊசியில் ஏற்றினார்கள். ஈயும் மீன் எண்ணெயும் நின்றன. டி மட்டும் பழையபடி வாரத்துக்கு ஒன்று, சாதாரணச் சாப்பாட்டோடு. பசலைக்கீரை மறுபடியும் தட்டுக்கு வந்தது. அதை அவர் மென்ற விதத்தைப் பார்த்தால், உண்மையிலேயே யாரோ அவரை அடிக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். திட்டுகள் நீலத்திலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, ஒருநாள் மறைந்தன.

நாத்தனாருக்கு ஃபாதரே போன் போட்டுச் சொன்னார். நாத்தனார் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனத்தில் இருந்திருக்க வேண்டும். சில மாதங்கள் கழித்து சுங்கை பட்டாணியில் ஒரு கல்யாணம். யான், கோத்தா கோலா மூடா ஆகிய ஊர்களிலிருந்தெல்லாம் சொந்தங்கள் வந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நாத்தனார் என் கையைப் பிடித்து ஒவ்வொரு மேசையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"இது என் தம்பி சம்சாரம். ரொம்ப நல்லவ. யாரையும் அடிக்கவே மாட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார்.

எல்லாரும் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். உட்கார நாற்காலியை எடுத்துப் போட்டார்கள். பிரியாணியை எனக்குத்தான் முதலில் பரிமாறினார்கள்.