காப்பிரைட் இல்லாத துறவிகள்

எங்கள் ஊர் மாதா கோயிலில் லத்தீன் பாட்டு பாடியவர்கள் ஆறு பெண்கள். அதில் முதல் குரல் என் அம்மா. ஆறு பேரும் களை எடுக்கப் போகிறவர்கள். முன்பிருந்த சாமியார் சொல்லிக்கொடுத்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிவைத்து, வரப்பில் நடந்துகொண்டே பாடிப் பழகினார்கள். அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் ராகம் பிசகாது.

அந்த வருஷத் திருவிழாவுக்குக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு ஆசை வந்தது. 'கிரகோரியன் இசை மாலை' என்று போஸ்டர் அடித்து உத்திரமேரூர் முழுக்க ஒட்ட வேண்டுமாம். அம்மா பாடும் லத்தீன் பாட்டுக்கு அதுதான் பெயராம், வெளிநாட்டு மடங்களில் துறவிகள் பாடுவதாம். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று படம் தேடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். புதிதாக வந்த சாமியார் ஒரே நிபந்தனைதான் போட்டார், திருட்டுப் படம் கூடாது.

பஜாரில் பாய் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரத் துறவிகள் வரிசையாக நின்று பாடும் படங்கள் நிறைய வந்தன. எல்லாவற்றின் மேலும் ஏதோ கம்பெனி பெயர் குறுக்கே ஓடியது, காசு கட்டாமல் எடுத்தால் திருட்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பாய்க்குப் பொறுக்கவில்லை.

"உங்க அம்மா தானப்பா பாடறாங்க? அவங்களையே போட்டோ புடிச்சிப் போடு. யாரு வந்து கேக்கப் போறா?"

இது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆறு பேரையும் கோயில் வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். அம்மா பக்கத்து வீட்டில் பட்டுப்புடவை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள்.

கமிட்டித் தலைவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "களை எடுக்கற கும்பல் மாரி கீது. டவுன்காரன் பாத்தா மதிப்பானா?"

பாடுவதே அவர்கள்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். மறுபடி பாய் கடைக்கு ஓடினேன். துறவிகள் பாடும் பல நூற்றாண்டு பழைய ஓவியம் ஒன்று கிடைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழேயே போட்டிருந்தது. பாய் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்.

போஸ்டரில் மேலே மொட்டைத் துறவிகள். கீழே முட்டை வட்டங்களுக்குள் கமிட்டிக்காரர்களின் முகங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் அதை அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவங்கல்லாம் எந்த பஸ்ல வராங்க?"

சும்மா அழகுக்குப் போட்டது என்றேன்.

"அப்ப எங்க போட்டோ இன்னாடா ஆச்சி?"

திருவிழா அன்று சாயங்காலம் நல்ல கூட்டம். மைக் தயாராக இருந்தது. ஆறு பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. தலைவர் என்னை வீட்டுக்கு விரட்டினார். அம்மா வாசலில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றேன்.

"படத்துல கீறவங்கள பாடச் சொல்லு" என்றாள்.

குரலில் கோபம்கூட இல்லை. அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.