ஆறு பக்கம் சாப்பிட்ட சாமுராய்

டோக்கியோவில் கார்ட்டூன் படம் எடுக்கிறவர்கள், கதையில் யாராவது சாப்பிட வேண்டும் என்றால் இன்றைக்கும் கினுயோவுக்குத்தான் போன் போடுகிறார்கள். சண்டைக்கும் விமானத்துக்கும் ரோபோவுக்கும் ஆள் இருக்கிறது. படத்தில் ஒருவன் சாப்பிடுவதைப் பார்த்து நமக்குப் பசிக்க வேண்டுமென்றால் அவள்தான் வரைய வேண்டும். நான் பெருமையடிப்பதாக நினைத்தாலும் பரவாயில்லை, அவளுடைய முதல் புத்தகத்தைப் போட்டது நாங்கள். போடாமல் விடப் பார்த்ததும் நாங்கள்தான்.

ஒசாகாவில், மட்சுயாமாச்சித் தெருவில், நானும் என் வீட்டுக்காரர் இவாகிச்சியும் வாடகைப் புத்தகக் கடைகளுக்குப் படக்கதை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கதை பார்ப்பது அவர். தைப்பது, ஒட்டுவது, தாமதமாக வருகிறவர்களைத் திட்டுவது எல்லாம் நான். உலகப் போர் முடிந்த பதினோராம் வருடம், மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பொத்தான் ஆலை உடுப்போடு இருபத்தொரு வயதுப் பெண்ணொருத்தி வந்து நின்றாள். ஆள் தெப்பமாக நனைந்திருந்தாள். கையில் இருந்த நூற்றிருபத்தெட்டுப் பக்கங்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

சாமுராய் கதை. எழுபது பக்கம் வரை இவாகிச்சி தலையாட்டிக்கொண்டே புரட்டினார். எழுபத்தொன்றில் அந்தச் சாமுராய் ஐந்து திருடர்களை அடித்துப்போட்டுவிட்டு வழியோரக் கடையில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் ஊடோன் கேட்கிறான். சூடான சாற்றில் தடித்த நூடுல்ஸ், மேலே பொரித்த டோஃபு. ஊதுகிறான், உறிஞ்சுகிறான், கன்னம் உப்புகிறது, கண்ணை மூடிக்கொள்கிறான். ஆறு பக்கம்.

"ஏம்மா, இவன் சண்டைக்காரனா, சாப்பாட்டு ராமனா?"

"அஞ்சு பேரை அடிச்சிருக்கான் முதலாளி. பசிக்காதா?"

"பசிக்கட்டும். ஒரே கட்டத்துல தின்னுட்டு எந்திரிக்கச் சொல்லு. அடுத்த சண்டை காத்துக்கிட்டு இருக்கு."

"சண்டை காத்திருக்கட்டும். ஊடோன் ஆறிடுமே."

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். "ஆறு பக்கத்தை ஒண்ணாக்கு. முடியாதுன்னா பொத்தானுக்கே ஓட்டை போட்டுக்கிட்டு இரு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. தினமும் ஆலை வேலை முடிந்து வந்து இரண்டு வருடம் வரைந்த கதை அது. "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அவரிடம் பேசத் தைரியமில்லாமல் என் பக்கம் திரும்பினாள்.

"குண்டு போடுவாங்கன்னு எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை மலையில ஒரு கோயிலுக்கு அனுப்பிட்டாங்கக்கா. எனக்கு ஒம்பது வயசு. தினம் பூசணிக்காய்த் தண்ணி. பல்பொடியைத் தின்னவங்க இருக்காங்க. வீட்டுல இருந்து வந்த கடுதாசிக்குப் பின்னாடி நான் சாப்பாடு வரைவேன். 'எனக்கு விலாங்கு மீன்', 'எனக்கு ரெண்டு'ன்னு சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. நிரம்பின கிண்ணத்தை மட்டும் வரைஞ்சா அழுகைதான் வரும். படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமா குறையணும். அப்பதான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். பாதியில எந்திரிக்கக் கூடாதுன்னு சட்டமே வச்சிருந்தோம்."

இவாகிச்சி பக்கங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுபத்தொன்றிலிருந்து மறுபடி, இந்தத் தடவை மெதுவாகப் புரட்டினார். ஆறாவது பக்கத்தில் பென்சில் நின்றது.

"தப்பு."

"என்ன தப்பு முதலாளி?"

"சாறைக் குடிக்கவே இல்லையே. சாறை வச்சுட்டு எவன் எந்திரிப்பான்?"

"எட்டுப் பக்கமாயிட்டா நீங்க திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நியூகினி காட்டுல நாங்களும் இதைத்தான் செஞ்சோம். உங்களை மாதிரி படமில்ல, வாயால. சாயந்தரமானா ஒருத்தன் சமைப்பான், மத்தவங்க சாப்பிடுவோம். ஊடோன்னா யசுகேதான். ஒருநாள் சாறு ஊத்தறதுக்கு முன்னாடியே தூங்கிட்டான். அப்புறம் எந்திரிக்கல."

அவர் போரிலிருந்து திரும்பி வந்து பத்து வருடம். கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், சண்டை போட்டும் கேட்டிருக்கிறேன். அந்தக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை வாங்க முடிந்ததில்லை. யாரோ ஒருத்தி வரைந்த கிண்ணம் வாங்கிவிட்டது. கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு பக்கம் போடு" என்றார்.

"அப்ப அடுத்த சண்டை?"

"காத்திருக்கட்டும்மா."

என் பசைமேஜையிலேயே உட்கார்ந்து அவள் வரைந்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "கிண்ணத்தை ரெண்டு கையால பிடிக்கச் சொல்லு, சூடா இருக்கும்", "இன்னும் சாய்க்கணும்" என்று உயிரை எடுத்தார். அவளும் சளைக்காமல், "அவன் குடிக்கட்டும் முதலாளி, அவசரப்படுத்தாதீங்க" என்று பதில் கொடுத்தாள். கடைசிக் கட்டத்தில் காலிக் கிண்ணம், ஓரத்தில் ஒட்டிய ஒரு துண்டு வெங்காயத்தாள்.

இவாகிச்சி அதைப் பார்த்தார். பிறகு இரண்டு கையும் கூப்பி, சாப்பிட்டு எழும்போது நாங்கள் சொல்லும் நன்றியை அந்தப் படத்துக்குச் சத்தமாகச் சொன்னார். கினுயோவும் சொன்னாள். பசை ஒட்டிய கையோடு நானும் சொன்னேன். எனக்குப் பாத்திரம் கழுவும் வேலையே வைக்காத சாப்பாடு, என் கல்யாண வாழ்க்கையில் அது ஒன்றுதான்.