முக்கோணத்தில் மூன்று அத்தைகள்

நான் என்ன ஆராய்ச்சி பண்றேன்னு கேட்காத ஆள் தாம்பரத்துல கிடையாது. லேசர் ஒளியாலயே முக்கோணம் முக்கோணமா வலை பின்னி, மூலைக்கு ஒரு அணுவை உட்காரவெச்சு, ஐஸ் கட்டியே வெந்நீர்னு தோணுற அளவுக்குக் குளிரவைப்போம். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துல இருக்கறது மேல பார்த்தா, நான் கீழதான் பார்ப்பேன்னு அடம்பிடிக்கும். ரெண்டு பேர்னா சரி. மூணாவது ஆள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒருத்தரோட ஒத்துப்போயாகணும். நிஜக் காந்தத்துக்குள்ள நடக்கற இந்தச் சண்டையைக் கணக்குப் போட்டுத் தீர்க்க முடியாம, அணுக்களை வெச்சு நடிக்கவெச்சுப் பார்க்கறோம். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார்.

என் நிச்சயதார்த்தம் பீர்க்கன்கரணையில ஒரு மினி ஹால்ல. அப்பாவுக்கு ஒரே ஆசை, தன் தங்கச்சிங்க மூணு பேரோடயும் சேர்ந்து ஒரு போட்டோ. போன கிறிஸ்துமஸுக்கு நடுவுல அமுங்கிப்போன கேக் யார் சுட்டதுங்கற தகராறுல அவங்க மூணு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "ஒண்ணா நின்னா போதும்மா, வேற ஒண்ணும் வேணாம்"னு அப்பா புலம்பிக்கிட்டே இருந்தார்.

குன்றத்தூர் அத்தை முதல்ல வந்து பொண்ணு வீட்டார் பக்கம் உட்கார்ந்தாங்க. அதைப் பார்த்ததும் வண்டலூர் அத்தை விறுவிறுன்னு மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போயிட்டாங்க. கடைசியா வந்த பல்லாவரம் அத்தை அங்க ஒரு பார்வை, இங்க ஒரு பார்வை. அப்புறம் ஹேண்ட்பேக்கோட நடுவழியிலயே நின்னுட்டாங்க.

"நான் நின்னுக்கறேன் பாஸ்டர், நீங்க ஜெபம் பண்ணுங்க."

ஐயோ, என் ஆராய்ச்சியே பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நிக்குதேன்னு எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. "சிரிக்காதடி"ன்னு அப்பா பல்லைக் கடிச்சார். அவர் கண்ணு கலங்கியிருந்ததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்னுடுச்சு.

எங்க லேப்ல எது மக்கர் பண்ணினாலும் முதல் வைத்தியம், இன்னும் குளிரவை. கை பழக்கதோஷத்துல ஏசி ரிமோட்டை எடுத்துப் பதினாறுல வெச்சேன். அணுக்கள் அதுக்கெல்லாம் சமாதானம் ஆகாதுன்னு எனக்கே தெரியும். பைத்தியக்கார வேலைதான்.

ஜெபம் கொஞ்சம் நீண்டுபோச்சு. பல்லாவரம் அத்தைக்குப் பல்லு தந்தியடிச்சுது. வண்டலூர் அத்தை முந்தானையால தலையை மூடிக்கிட்டாங்க. குன்றத்தூர் அத்தைகிட்ட மட்டும் கொடைக்கானல்ல வாங்கின பெரிய சால்வை இருந்துச்சு. கொஞ்ச நேரம் வீம்பா இருந்துட்டு, "வந்து தொலைங்கடி, ரெண்டு பேரும்!"னு ஒரு அதட்டல் போட்டாங்க.

ரெண்டு பேரும் ஓடினாங்க. ஒரே சால்வைக்குள்ள மூணு அத்தைங்க. ஆனா ஒருத்தர் மேடையைப் பார்த்தாங்க, ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தாங்க, ஒருத்தர் பிரியாணி அண்டாவைப் பார்த்தாங்க. மேல, கீழன்னு மட்டும் இல்லாம எந்தப் பக்கமும் திரும்பிக்க இடம் கொடுத்தா முக்கோணத்துல மூணு காந்தமும் மூணு திசையைத்தான் பார்க்கும், சத்தியமா இப்படியேதான்!

போட்டோக்காரர் "இங்க பாருங்கம்மா"ன்னு கெஞ்சினார். ஒருத்தரும் திரும்பலை. அப்பா ஓடிப்போய் சால்வை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கேமராவைப் பார்த்துச் சிரிச்சது அவர் மட்டும்தான்.

நான் மெதுவா ஏசியைக் குறைக்கப் போனேன். ரிமோட்டைக் காணோம். அப்பாவோட சட்டைப் பையில இருந்துச்சு.

"கல்யாண மண்டபத்துலயும் ஏசி இருக்கில்லம்மா?"ன்னு கேட்டார்.